அமெரிக்க பேஸ்பால் வீரர் ஃப்ளீட்வுட் வாக்கர் நல்ல கேட்சரா (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்)? பிறகு ஏன் ஒரே சீசனோடு மேஜர் லீக்கை, அதாவது உயர்மட்டப் போட்டிகளை, விட்டுப் போனார்?

நல்ல கேட்சர்தான். ஒஹாயோவில் பிறந்து, ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் ஆடிய கறுப்பினத்தவர். 1884-இல் மேஜர் லீக்கின் டொலிடோ அணிக்காக 42 ஆட்டங்கள், பேட்டிங் சராசரி .263 (நூறு முறை ஆடினால் சுமார் 26 வெற்றிகரமான அடிகள்). அந்த லீக்கின் பொதுச் சராசரியைவிட இது மேல்.

அவர் விட்ட பந்துகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். அப்போது பிட்சர் (பந்து வீசுபவர்) 50 அடி தூரத்திலிருந்தே வீசுவார். கேட்சருக்கு விக்கெட் கீப்பரைப் போல மெத்தென்ற கையுறை கிடையாது. வாக்கர் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிடித்தார். பந்து வளையுமா, நேராக வருமா என்று முன்பே தெரியாவிட்டால் விரல் உடையும். அதற்குத்தான் கேட்சர் சைகை காட்டுவது. டொலிடோவின் முக்கிய பிட்சர் டோனி முல்லேன், கறுப்பரின் சைகைக்குக் கட்டுப்பட மனமில்லாமல் இஷ்டத்துக்கு வீசியதைப் பின்னாளில் தாமே ஒப்புக்கொண்டார். தாம் கண்ட சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்றும் சொன்னார் (வேடிக்கையான மனிதர்!).

அந்த சீசனிலேயே காயங்கள் மிகுந்தன. அணி அவரை விடுவித்தது. 1887-இல் மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையிலிருந்த இன்டர்நேஷனல் லீக்கின் நியூவார்க் அணியில் ஆடியபோது, மேஜர் லீக் அணியான சிகாகோவின் தலைவர் கேப் ஆன்சன் கறுப்பர்களுக்கு எதிராக ஆட மறுத்தார். அதே ஜூலையில் இன்டர்நேஷனல் லீக், புதிதாகக் கறுப்பர்களை ஒப்பந்தம் செய்வதில்லை என வாக்களித்தது. ஏற்கெனவே இருந்தவர் என்பதால் வாக்கர் அதே லீக்கின் சிராக்யூஸ் அணியில் 1889 வரை தாக்குப்பிடித்தார். அவருக்கும் தம்பி வெல்டிக்கும் பிறகு மேஜர் லீக்கில் வெளிப்படையாக ஒரு கறுப்பர் இறங்கியது 1947-இல், ஜாக்கி ராபின்சன்.