பழ ஈயை ஆராய விரும்பும் மகளும் உங்கள் கவலையும்

மதிப்பிற்குரிய அம்மா,

நல்ல மதிப்பெண் பெற்ற மகள் மருத்துவம் வேண்டாம், பூச்சிகளின் இரத்த அணுக்களை ஆராயப் போகிறேன் என்றதும் நீங்கள் கலங்கியது இயல்பே. எனினும், ஈயை வைத்து என்ன பிழைப்பு என்ற உங்கள் கேள்விக்கு வருமுன் அவர் விரும்புவது எதையென்று சொல்லிவிடுகிறேன்.

பழ ஈயின் கருவில் லேசரால் நுண்காயம் உண்டாக்கினால், சுற்றியுள்ள தோல் செல்களில் கால்சியம் உடனே உயர்ந்து, டூயாக்ஸ் என்னும் நொதியைத் தூண்டுகிறது. அதனால் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை உணர்ந்து இரத்த அணுக்கள் காயத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றன. இதற்கு அவற்றின் மேலுள்ள டிரேப்பர் என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் குறிப்புகளை உணரும் புரதம்) தேவை. வியப்பு என்னவென்றால், இறந்த செல் ஒன்றை முன்பே விழுங்கிய அணுவில்தான் இந்த ஏற்பி பெருகியிருக்கும். விழுங்காத அணு காயத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. புழுப் பருவத்திலோ, படிக அணுக்கள் என்னும் ஒருவகை இரத்த அணுக்கள் வெடித்து வெளிவிடும் நொதி மெலனின் என்ற கருநிறமியை உருவாக்கிக் காயத்தைக் கறுக்கச் செய்கிறது.

இது ஈயோடு முடியும் கதையன்று. வரிக்குதிரை மீனின் காயத்துக்கு வெள்ளணுக்களை அழைப்பதும் இதே ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என 2009இல் தெரியவந்தது. பழ ஈயின் நோயெதிர்ப்பில் டோல் மரபணுவின் பங்கை 1996இல் காட்டிய ஆய்வுக்காக ஜூல்ஸ் ஹாஃப்மன் 2011இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இத்துறைக்குச் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வெழுதி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் சேரலாம். அல்லது உள்ளூரில் விலங்கியலோ உயிர்வேதியியலோ படித்து, ஜாம் எனப்படும் அறிவியல் முதுகலை நுழைவுத் தேர்வின் மூலம் முதுகலைக்குச் செல்லலாம். பின்னர் சிஎஸ்ஐஆர் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் உயர்த்தப்பட்ட மாதம் 37,000 ரூபாயுடன் வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பழ ஈ ஆய்வுக்கூடங்கள் உள்ளன.

ஒன்றை மறைக்க மாட்டேன்: நிலையான பணி கிடைக்க முப்பது வயது தாண்டலாம். வீட்டில் உடனடி வருமானம் தேவையெனில் இந்தப் பாதை கடினம். அதை மகளிடம் இப்போதே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அத்தகைய தேவை இல்லையென்றால், கல்லூரியின் பெயரைவிட, இளங்கலை மாணவரின் கையில் நுண்ணோக்கியைத் தருகிறார்களா என்பதை நேரில் சென்று விசாரியுங்கள். கணினி நிரலாக்கமும் அவர் கற்கட்டும். நகரும் அணுக்களின் படங்களை அளப்பதற்கு அது இன்றியமையாதது.