அந்திக்கிறிஸ்து: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் அந்திக்கிறிஸ்து எந்த அதிகாரத்தில் வருகிறான், ஐயா? தேடியும் அகப்படவில்லை.

அகப்படாது, தம்பி. கிறிஸ்துவுக்கு எதிராளி என்று பொருள்படும் அந்தப் பெயர் யோவானின் முதல் இரண்டு நிருபங்களில் (கடிதங்களில்) மட்டுமே இருக்கிறது. அங்கும் அவன் ஒரே ஆள் அல்ல. "இப்பொழுதும் அநேக அந்திக்கிறிஸ்துகள் இருக்கிறார்கள்" என்கிறார் யோவான். இயேசு மாம்சத்தில் வந்ததை மறுதலித்துச் சபையைவிட்டுப் பிரிந்து போனவர்களைத்தான் அவர் சொல்கிறார். தானியேல் புத்தகத்தின் சின்னக் கொம்பு, பவுல் சொன்ன பாவமனுஷன், வெளிப்படுத்தின விசேஷத்தில் சமுத்திரத்திலிருந்து எழும்பும் மிருகம் எல்லாவற்றையும் அந்திக்கிறிஸ்து என்ற ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இரண்டாம் நூற்றாண்டில் இரேனியு என்ற சபைப் பிதாவிடமே இருக்கிறது.

கேள்வி: வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் எண்ணாகச் சொல்லும் 666, ரோமை ஆண்ட நீரோ மன்னன்தானா?

என் முடிவு, ஆம். கணக்கைப் போட்டே பாருங்கள். எபிரெயத்தில் எழுத்தே எண்ணாகவும் நிற்கும். 'நேரோன் கேசர்' (பேரரசன் நீரோ) என்பதை எபிரெயத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. கூட்டினால் 666. இன்னொன்றும் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தின் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் எண் 616 என்றே இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி 'நேரோ' என்று எழுதினால் ஒரு நூன் போய், 50 குறைந்து அதே 616 வருகிறது! இரண்டு எண்களுக்கும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் வேறு பெயரை நான் பார்த்ததில்லை. கி.பி. 68-ல் அவன் செத்த பிறகும் திரும்பி வருவான் என்ற பேச்சு கிழக்கு மாகாணங்களில் உலவியது. மிருகத்தின் சாவுக்கேதுவான காயம் ஆறியதாக 13-ஆம் அதிகாரம் சொல்வதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: ஆதாரும் கொரோனா தடுப்பூசியும் மிருகத்தின் முத்திரை (கையிலோ நெற்றியிலோ தரிக்கும் அடையாளம்) என்று சொன்னார்கள். அம்மா பயந்து ஊசியே போட்டுக்கொள்ளவில்லை.

சகோதரி, படிக்கவே வேதனையாக இருக்கிறது. பயமுறுத்தி வயதானவர்களை மருந்திலிருந்து விலக்குவது ஊழியம் அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 14-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்: மிருகத்தை வணங்கி முத்திரையைத் தரித்துக்கொள்கிறவனுக்கே அந்த எச்சரிப்பு. தெரிந்தே செய்யும் வணக்கம் அது. அறியாமல் யார் கையிலும் விழுந்துவிடாது. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் ஆட்டுக்குட்டியானவராகிய இயேசுவோடு நிற்பவர்களின் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. அதை யாரும் அட்டையிலோ ஊசியிலோ தேடுவதில்லையே. மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துப் போங்கள்.

கேள்வி: இயேசு வரும் வருஷத்தைக் கணக்கிட முடியுமா?

முடியாது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நம்பிக் காத்திருந்தார்கள். சிலர் அந்த ஆண்டு பயிரை அறுவடை செய்யாமலே விட்டார்கள். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்லும்போது நாம் எதைக் கணக்கிடுவது?

கேள்வி: கடைசி நாட்களின் உபத்திரவ காலத்துக்கு முன்பே சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுமல்லவா?

பல சபைகளில் அப்படித்தான் போதிக்கிறார்கள். ஆனால் அந்தப் போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவி, 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகளால் வேரூன்றியது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஸ்மிர்னா பட்டணத்துச் சபைக்குக் கர்த்தர் சொன்னது வேறு: "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு." உபத்திரவத்துக்கு நடுவே இருந்தவர்களுக்குத்தான் அதை எழுதச் சொன்னார்.