மறையும் பாதையில் ஏறுகிறவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தங்கை மகன் நண்பர்கள் சிலரோடு ராஜஸ்தானுக்குப் போய், உதயப்பூர் அரண்மனையைக்கூட எட்டிப் பார்க்காமல், மார்வார் என்ற ஊரிலிருந்து காம்லிகாட் வரை ஒரு பழைய ரயிலில் போய்விட்டு அதே ரயிலில் திரும்பியிருக்கிறான். கேட்டால், "இந்தப் பாதை இன்னும் எத்தனை நாளைக்கோ, பெரியம்மா" என்கிறான். அப்படி அதில் என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அரண்மனை அங்கேயேதான் இருக்கும், ரயில் இருக்காது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார், கணக்கில் பிழை இல்லை. அவர்கள் ஏறியது, உதயப்பூருக்கு அருகிலுள்ள மாவ்லி சந்திப்பையும் பாலி மாவட்டத்து மார்வார் சந்திப்பையும் இணைத்த 152 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள) பாதையில் மிஞ்சியிருக்கும் துண்டில். ஆரவல்லி மலையைக் கடப்பதற்காக, மேவார் சமஸ்தான காலத்தில், 1930களில் உருவான பாதை அது. மாவ்லி பக்கத்துச் சமவெளிப் பகுதியை அகலப்பாதையாக மாற்றும் வேலை தொடங்கிவிட்டதால், மலையில் ஏறி இறங்கும் பகுதி மட்டுமே இப்போது பழைய உருவில் நிற்கிறது.

மார்வாரிலிருந்து கிளம்பும் ரயில் புலாத் வரை வறண்ட வெளியில் ஓடி, அதன்பின் கோரம்காட் வழியாக, பள்ளத்தாக்கின் மேல் வளைந்து செல்லும் பாலங்களையும் சுரங்கங்களையும் தாண்டிக் காம்லிகாட்டுக்கு ஏறுகிறது. வளைவுகள் மிக இறுக்கமானவை என்பதால், நடுப்பெட்டியின் சன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு எஞ்சினும் கடைசிப் பெட்டியும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். கோரம்காட்டில் வண்டி நின்றதும் குரங்குகள் வந்து சூழ்ந்துகொள்ளும். இவையெல்லாம் எந்தச் சுற்றுலாப் பயணிக்கும் பிடிக்கும். ரயில் ரசிகர்கள் பார்ப்பது வேறு.

இத்தகைய ஒற்றைப் பாதைகளில், ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்பதற்கு உத்தரவாதமாக, ஓட்டுநரிடம் டோக்கன் எனப்படும் ஓர் இரும்புப் பந்து கொடுக்கப்படும். அது நிலைய மேலாளரின் அறையிலுள்ள கனத்த கருவிக்குள் பூட்டிக் கிடக்கும். அடுத்த நிலையத்து மேலாளர் மணியடித்துத் தம் பக்கத்துக் கருவியில் சம்மதம் தந்தால்தான் வெளியே வரும். அந்தப் பந்தை ஒரு பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, நடைமேடையில் ஊழியர் ஒருவர் கையை உயர்த்தி நிற்க, நகரும் எஞ்சினிலிருந்து உதவி ஓட்டுநர் அந்த வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார்; ஏறக்குறைய அதே கணத்தில் முந்தைய பகுதியின் வளையம் நடைமேடையில் வந்து விழும். சமிக்ஞைகள் மின்மயமான பாதைகளில் இந்தக் காட்சி போயே போய்விட்டது. உங்கள் தங்கை மகன் இதைப் படமெடுத்து வைத்திருந்தால் வாங்கிப் பாருங்கள். எஞ்சின் புகையைவிட இதுவே பாதுகாக்க வேண்டிய ஆவணம்.

எஞ்சின் உங்களுக்கு அந்நியமானதன்று. வாரணாசியில் தயாரான வை.டி.எம்.4 என்ற டீசல் எஞ்சின் வகை அது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் மீட்டர்கேஜில் ஓடிய நாட்களில் அதை இழுத்ததும் இதே வகைதான். தஞ்சாவூருக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1860களின் தொடக்கத்தில் அகலப்பாதைதான் போடப்பட்டது. மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைக்க மீட்டர்கேஜ் போதும் என்ற கொள்கை வந்ததையொட்டி, 1870களில் அதைக் குறுக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து மறுபடியும் அகலமாக்கினார்கள்.

கேள்வி: எங்கள் செங்கோட்டை–புனலூர் பாதையிலும் மீட்டர்கேஜ் நின்றபோது பலர் வந்து கண்கலங்கினார்கள். பாதைதான் அகலமாகித் திரும்பி வந்துவிட்டதே, பிறகு எதற்கு இந்தத் துக்கம்?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: பாதை மாற்றம் வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு அளவுப் பாதைகள் இருந்தவரை, சந்திப்பு நிலையங்களில் நெல்லையும் உரத்தையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. பயணிகளும் மூட்டை முடிச்சோடு மாறி ஏற வேண்டியிருந்தது. 1992-இல் அறிவிக்கப்பட்ட ஒரே அளவுப் பாதைத் திட்டம் இதற்காக வந்ததுதான்.

ஆனால் திரும்பி வருவதற்கு எத்தனை ஆண்டு ஆனது என்பதைப் பாருங்கள். 1904-இல் திறக்கப்பட்ட உங்கள் பாதையில் 2010 செப்டம்பரில் நின்ற ரயில், 2018 மார்ச் இறுதியில்தான் மீண்டும் ஓடியது. மதுரை–போடி பாதை 2010 முடிவில் மூடப்பட்டது. தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும்தான் ரயில் வந்து சேர்ந்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடித்துவிடும் காலம் இது. இதற்குள் சந்தைக்குப் போகிறவர்கள் பேருந்துக்குப் பழகிவிடுகிறார்கள். பேருந்துக்குப் பழகாதவர்கள் போவதையே விட்டுவிடுகிறார்கள்.

திறந்த பின்னும் முன்பிருந்த சேவை வந்துவிடுவதில்லை. திருவாரூர்–காரைக்குடி பாதையில் 2019 ஜூனில் ரயில் விட்டபோது கடவுப்பாதைகளுக்குக் கேட்கீப்பர்கள் போதவில்லை. அதனால் ரயிலிலேயே ஊழியர்களை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி அடைத்து, வண்டி தாண்டிய பிறகு திறந்துவிட்டு, மறுபடி ஏறி ஓடினார்கள். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று அதில் போனவர்களுக்குப் பழைய மீட்டர்கேஜ் வண்டியின் வேகமே பரவாயில்லை என்று தோன்றியிருந்தால் வியப்பில்லை.

தென்மலை அருகே பதிமூன்று கண் பாலத்தின் மேல் இன்று அகலப்பாதை வண்டி போகும்போதும், மலைச் சரிவுக்காகப் பின்னால் கூடுதல் எஞ்சின் கொடுத்துத் தள்ளுகிறார்கள். ஆகவே உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பார்ப்பதற்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

கேள்வி: கடைசி நாளன்று கூட்டமாக வந்து ஏறுகிறவர்கள், முன்பே ஏறியிருந்தால் பாதை பிழைத்திருக்காதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பிழைத்திருக்காது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் சஷோ பாதையின் வடக்குப் பகுதியைப் பாருங்கள். ஷின்தோட்சுகாவா என்ற அதன் கடைக்கோடி நிலையத்திலிருந்து கடைசிச் சில ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரே ஒரு ரயில்தான். காலையில் புறப்படும் அதுவே அன்றைய கடைசி ரயிலும். 2020 மே மாதம் மூடுவதாக இருந்தார்கள். கொரோனா காலத்தில் ரசிகர்கள் திரண்டுவிடக் கூடாது என்று அஞ்சி, ஏப்ரல் 17-ஆம் தேதியோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டார்கள். ஆளில்லை என்று மூடப்பட்ட பாதை, ஆள் சேர்ந்துவிடும் என்ற பயத்தில் முன்கூட்டியே மூடப்பட்டது. நாள்தோறும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் இல்லாத பாதையை, வெளியூர் ரசிகர்களின் டிக்கெட் பணம் காப்பாற்றிவிடாது.

இதற்காக அவர்களைக் கேலி செய்யவும் நான் தயாராக இல்லை. குவாலியர்–ஷியோபூர் பாதை, இரண்டே அடி அகலத்தில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடிய குறும்பாதை. 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்துக்காக நிறுத்தப்பட்டது, மறுபடி ஓடவே இல்லை. கடைசி நாள் என்று யாருக்கும் தெரியாததால், வண்டிக்குப் பூமாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்த ரயில் எப்படி ஓடியது என்பதற்கு, முந்தைய ஆண்டுகளில் ரசிகர்கள் எடுத்து வைத்த படங்களும் ஒலிப்பதிவுகளும் நமக்குப் பெரிய துணை.

கேள்வி: நாங்களும் நண்பர்கள் சேர்ந்து போக விரும்புகிறோம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மார்வார்–காம்லிகாட் பாதைக்கே என் வாக்கு. அங்கே 2023 அக்டோபரில் ஒரு பாரம்பரியச் சுற்றுலா ரயிலும் தொடங்கப்பட்டது. நீராவி எஞ்சினைப் போல ஒப்பனை செய்த டீசல் எஞ்சின் அதை இழுக்கிறது. குழந்தைகள் மகிழ்வார்கள். எனக்குச் சாதாரணப் பயணிகள் ரயில்தான் பிடிக்கும். காட்டை விரும்புகிறவர்கள் உத்தரப் பிரதேசத்தில் துத்வா வனத்தை ஊடுருவிச் செல்லும் மைலானி–நான்பாரா மீட்டர்கேஜ் பாதையைப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் ஆரவல்லி பச்சையாக இருக்கும். கூட்டமும் கூரை வரை இருக்கும் என்பதால், மழை ஓய்ந்தபின் ஒரு வாரநாளில் போங்கள். நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது. கிளம்பும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். சன்னலோர இருக்கைகளைக் குழுவாகப் பிடித்துக்கொண்டு, பால் பாத்திரத்தோடு ஏறும் கிராமத்தாரை நிற்க வைக்காதீர்கள். படிக்கட்டில் தொங்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். அந்தச் சுரங்கங்களின் சுவர் பெட்டியை ஒட்டியே வருகிறது.