நாமினி போட்டாச்சு, உயில் எதற்கு?

கேள்வி: வங்கி டெபாசிட், பங்குகள் எல்லாவற்றுக்கும் மூத்த மகனையே நாமினியாகப் போட்டிருக்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். உயிலும் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். நாமினி பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஆள்தான், அதற்குச் சொந்தக்காரர் அல்ல. பங்குகளுக்கும் இதே விதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் வங்கி பணத்தை உங்கள் மூத்த மகனிடம்தான் கொடுக்கும். அவர் பிரித்துக் கொடுக்க மறுத்தால் மற்ற இருவருக்கும் சிவில் கோர்ட்தான் வழி.

2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை, சதவீதம் குறிப்பிட்டு நியமிக்கலாம். மூவர் பெயரையும் போட்டுவிடுங்கள். ஆயுள் காப்பீடு மட்டும் தனி. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் ஆகியோரை நியமித்தால் அந்தப் பணத்தைச் சட்டம் அவர்களுக்கே உரியதாக்குகிறது. பி.எஃப். வைத்திருப்பவர்கள் கவனிக்க: கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும், புதிதாகத் தர வேண்டும்.

உயில் இல்லாவிட்டால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமபங்காகப் போகும். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்றால் நான்கு பங்கு. ‘எனக்குப் பிறகு எல்லாம் மனைவிக்குத்தானே’ என்று நினைத்துச் சும்மா இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: உயிலை முத்திரைத்தாளில் எழுத வேண்டுமா? பதிவு கட்டாயமா? யாரைச் சாட்சியாகப் போடுவது?

வெள்ளைத்தாள் போதும். பதிவு கட்டாயமில்லை, அதற்குக் காலக்கெடுவும் இல்லை. ஆனாலும் பதிவு செய்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. உயில் தொலைந்தாலும் சான்றிட்ட நகல் கிடைக்கும். நடமாட முடியாதவர் என்றால் விண்ணப்பித்துப் பதிவு அலுவலரை வீட்டுக்கே வரவழைக்கலாம். ஆனால் பதிவு செய்துவிட்டால் அதுவே இறுதி என்று எண்ண வேண்டாம். பின்னால் முறையாக எழுதிய உயில், பதிவாகாததாக இருந்தாலும், முந்தையதை ரத்தாக்கிவிடும்.

உயில்கள் பெரும்பாலும் சாட்சியில்தான் கவிழ்கின்றன. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர் தன் வயது நண்பர்கள் இருவரைப் பிடித்துப் போட்டால் அப்போது யார் வருவார்கள்? உங்களைவிட இளையவர்களாக, முகவரி அடிக்கடி மாறாதவர்களாகப் பாருங்கள். முடிந்தால் ஒருவர் உங்களைப் பார்க்கும் மருத்துவராக இருக்கட்டும். ‘சுயநினைவோடு இல்லை’ என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

சொத்து பெறுபவர் சாட்சி போடக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும் சந்தேகம் கிளம்பும். பத்திர எழுத்தரைக் கூட்டி வருவது, சாட்சிகளைப் பிடிப்பது என்று பயன்பெறும் மகனே எல்லாவற்றையும் செய்தால் நீதிமன்றம் அதையும் சந்தேகச் சூழ்நிலையாகவே பார்க்கும். முஸ்லிம்களுக்கு விதியே வேறு. பொதுவாக, கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

சொத்து விவரத்தில் ‘என் வீடு’ என்று எழுதி விடாதீர்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, கிரயப் பத்திர எண், வருடம், எல்லாம் வேண்டும். கடைசியில் ‘இதில் குறிப்பிடாத, இனி நான் சேர்க்கும் சொத்துகள்’ யாருக்கு என்று ஒரு வரி. பெறுபவர் உங்களுக்கு முன்பே காலமானால் யாருக்கு என்று இன்னொரு வரி. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலேயே நீங்களும் சாட்சிகளும் சுருக்கொப்பமிட வேண்டும்.

கேள்வி: கணவர் இல்லை, குழந்தையும் இல்லை. என் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் என் தங்கை மகளுக்குச் சேர வேண்டும். தானாகச் சேர்ந்துவிடுமா?

சேராது, அம்மா. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்து, கணவனும் பிள்ளைகளும் இல்லையென்றால், அவள் சம்பாதித்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 2009இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. பெற்றோர் வழியில் வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். உங்கள் நிலையில் இருப்பவர்கள் உயிலைத் தள்ளிப்போடவே கூடாது. நம்பகமான ஒருவரை நிறைவேற்றுநராகவும், அதாவது உயிலில் எழுதியபடி சொத்தைச் சேர்ப்பிப்பவராகவும், நியமியுங்கள்.

கேள்வி: இருக்கும் ஒரே வீட்டை மகனுக்கு இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவானதும் வீடு கை மாறிவிடும், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. எழுதியே ஆக வேண்டுமென்றால், வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் உரிமையை உங்களுக்கு வைத்துக்கொண்டு, ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவு அந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டுதான் உங்களுக்கு உதவும். மகன் கைவிட்டால், தீர்ப்பாயமாகச் செயல்படும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். வாய்மொழி வாக்குறுதியை நம்பி இறங்கினால் அதை நிரூபிப்பதே பெரும்பாடு.

கேள்வி: எழுதிய உயிலை எங்கே வைப்பது?

உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் வேண்டாம். நீங்கள் போன பிறகு அதைத் திறப்பதற்கே இழுபறி. முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். காலமான பிறகு, மனுச் செய்பவர் முன்னிலையில் அவர் பிரித்து நகலைத் தன் புத்தகத்தில் ஏற்றுவார். வீட்டில் வைப்பதென்றால் நிறைவேற்றுநருக்கு இடத்தைச் சொல்லி வையுங்கள்.