ஆட்டுத்தலை பேக்பைப்

கேள்வி: பையில் காற்றை நிரப்பி அமுக்கி வாசிக்கிற குழல் வாத்தியமான பேக்பைப் ஸ்காட்லாந்துக்காரர்களின் சொத்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். செக் நாட்டில் நடக்கிற பேக்பைப் விழாவுக்கு பிரிட்டன் கலைஞர்கள் போகிறார்களாமே, அங்கே அவர்களுக்கு என்ன வேலை?

பதில்: சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறார்கள் என்றே சொல்வேன். செக் நாட்டின் தெற்கு பொஹீமியாப் பகுதியில் ஸ்ட்ரகோனிட்சே என்று ஒரு ஊர். அங்கே ஆற்றோரக் கோட்டையில் 1967-இல் தொடங்கிய சர்வதேச விழா, இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆகஸ்டில் நடக்கிறது. பேக்பைப் அந்த ஊருக்குப் புதிதல்ல. 1847-இல் செக் நாடகாசிரியர் டில் எழுதிய புகழ்பெற்ற நாடகத்தின் நாயகனே ஸ்ட்ரகோனிட்சே பேக்பைப்காரன்தான்.

செக்காரர்கள் இதை டூடி என்பார்கள். பையை வாயால் ஊதி நிரப்புவதில்லை, ஒரு கைக்கு அடியில் சின்னத் துருத்தியைக் கட்டிக்கொண்டு முழங்கையால் அமுக்குகிறார்கள், அதனால் வாசித்துக்கொண்டே பாடவும் முடிகிறது. விரல் வைத்து வாசிக்கும் குழல் பையில் சேருகிற இடத்தில், மரத்தில் செதுக்கிய ஆட்டுத்தலை கொம்போடு நிற்கும். ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கிற சுருதிக் குழல் தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் தொங்கும்.

இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்துக்காரர்களின் சின்ன பேக்பைப்பும் துருத்தியில்தான் ஓடுகிறது. அதன் குழல் நுனி அடைத்திருப்பதால் எல்லாத் துளைகளையும் மூடினால் சத்தம் நின்றுவிடும், ஒவ்வொரு சுரத்தையும் முத்து முத்தாக வெட்டி எடுக்கலாம். அதை வாசிக்கிற ஒருவர் டூடியைப் பார்த்தால், துருத்தியை எப்படிக் கட்டியிருக்கிறாய் என்றுதான் முதலில் கேட்பார். ராணுவ அணிவகுப்பை மட்டும் வைத்து பிரிட்டனின் பேக்பைப்பை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: அப்படியானால் டூடியையும் பிரிட்டனின் பேக்பைப்பையும் சேர்த்து வாசிக்கலாமா?

பதில்: ஸ்காட்லாந்தின் பெரிய பேக்பைப்போடு கஷ்டம். மூன்று சுருதிக் குழல், குழலில் இரட்டை நாக்குச் சீவாளி, ஒன்பதே சுரம். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. தெருவில் ஊர்வலம் போக அதுதான் சரி, பக்கத்தில் டூடி இருந்தால் காதிலேயே விழாது. சுருதியும் வேறு: மேற்கத்திய சுரப் பெயரில் சொன்னால், ஸ்காட்லாந்தின் பெரிய பேக்பைப் பி-ஃபிளாட்டை ஒட்டி, கொஞ்சம் மேலே நிற்கும், டூடி பெரும்பாலும் ஈ-ஃபிளாட். ஸ்காட்லாந்திலேயே துருத்தி வைத்த சின்ன பேக்பைப் உண்டு, அதன் ஒலி மெல்லியது, சுருதி ஒத்துவருகிற குழலாகப் பார்த்து எடுத்தால் சேர்ந்து வாசிக்கலாம்.

டூடிக்கு இயல்பான கூட்டு கிளாரினெட்டும் வயலினும்தான். அதைக் கேட்க ஆசையிருந்தால் செக் நாட்டின் மேற்கே டொமாஷ்லிட்சே ஊருக்குப் போங்கள், அங்கேயும் ஆகஸ்டில்தான் விழா.