இரும்புத் தாங்கி போதும், காந்தத்தை நம்பாதீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டோடு சிறிய அளவில் ஜிஞ்சர் பியர் செய்து விற்க எண்ணியிருக்கிறேன். இஞ்சிப் பாகு காய்ச்ச 50 லீற்றர் பானையும் அதற்கு ஓர் அடுப்புத் தாங்கியும் தேவை. கனடாவில் வீட்டிலேயே பியர் வடிக்கும் மருமகன் தன்னுடைய மூன்று தட்டுத் தாங்கியின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார். வெல்டிங் பாஸ், உணவுச் சாமான் என்பதால் தாங்கி முழுவதையும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் அடிக்க வேண்டும் என்கிறார். சொல்லும் தொகையைக் கேட்டால் தொழிலையே தொடங்க வேண்டாம் போலிருக்கிறது. சாதாரண இரும்பில் அடித்தால் ஆபத்தா?

பதில்: ஆபத்தில்லை. உங்கள் பாகு படுவது பானையில், தாங்கியில் அல்ல. சோறு வேகும்போது அடுப்புக்கல் என்ன கல் என்று யாரும் கேட்பதில்லை. 40க்கு 40 மில்லிமீற்றர், 2 மில்லிமீற்றர் கனமுள்ள இரும்புப் பெட்டிக் குழாயில் நான்கு கால்களும், கீழே சுற்றிவர ஒரு சட்டமும் போதும். 50 லீற்றர் நீர் 50 கிலோ. பானையையும் இஞ்சியையும் சேர்த்தால் ஏறக்குறைய 60 கிலோ, அதாவது ஒரு ஆளின் எடை. அந்த நான்கு கால்கள் அதைப்போல் பல மடங்கைச் சுமக்கும்.

மருமகனின் மூன்று தட்டை மறந்துவிடுங்கள். அவர் வடிப்பது பியர். அதற்கு மேலே சுடுநீர், நடுவே முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, கீழே கொதிக்கும் சாறு என்று மூன்று பாத்திரங்கள் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக வடியத்தான் அந்த உயரம். உங்களுக்கு இருப்பது ஒரே கொதிப்பு. ஒரு பானைக்காக ஆள் உயரத்தில் கொதிநீரை ஏற்றி வைப்பது வினையை விலை கொடுத்து வாங்குவது. பானையின் விளிம்பு உங்கள் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும். கால்கள் கீழே நாற்புறமும் 60 சென்ரிமீற்றராவது அகன்று நிற்கட்டும். தாங்கிகள் பாரத்தால் ஒடிவதில்லை, யாரோ இடித்துத்தான் சரிகின்றன. இடம் மாற்ற வசதி என்று சில்லு பூட்டச் சொல்வார்கள். வேண்டாம்.

"மருமகன் டிசம்பரில் வந்தால் பியரும் வடிக்கலாமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. கனடாவில் சொந்தப் பாவனைக்கு வடிக்கலாம், இங்கே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். ஆற்றங்கரைக் கசிப்புப் பீப்பாயும் அடுக்களையில் இருக்கும் பத்து லீற்றர் பியரும் ஒரே கட்டளைக்குள்தான் வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதைத் திருத்தித் திருத்தி ஓட்டுகிறார்களே தவிர, அளவைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பாகைக் காய்ச்சி, ஆறவைத்து, சோடா ஏற்றி விற்கும் உங்கள் திட்டத்தில் மது இல்லை. அதோடு நில்லுங்கள்.

இனி அந்த 304. அதைப் பார்க்க வேண்டியது தாங்கியில் அல்ல, பாகு படும் பானையில். பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்குள் நுழையுங்கள். மேசையடியிலிருந்து ஒரு காந்தம் வெளியே வரும். பானையில் வைத்துக் காட்டுவார்கள், ஒட்டாது. "பாருங்கள், அசல் 304" என்பார்கள். அந்தக் காந்தம் எதையும் நிரூபிக்கவில்லை. மலிவான 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மங்கனீசைப் போட்ட உலோகம் அது, புளிப்புக்கும் உப்புக்கும் 304 அளவுக்குத் தாங்காது. இன்னொரு வேடிக்கை: அசல் 304 தகட்டை அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் இலேசாக ஒட்டும். ஆக, ஒட்டாததால் நல்லது என்றும் சொல்ல முடியாது, ஒட்டுவதால் கெட்டது என்றும் சொல்ல முடியாது. கொட்டாஞ்சேனையில் ஒருவர் இப்படி வாங்கிய பானையை என்னிடம் கொண்டுவந்தார். அடிப்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாகத் துரு. மங்கனீசு கூடுதலாக இருந்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனைத் திரவம் உண்டு, ஒரு துளி போதும். அதை உங்கள் முன் விட்டுக் காட்டும் கடையில் வாங்குங்கள். வகை எண்ணைப் பற்றுச்சீட்டில் எழுதித் தர மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். உங்களை அந்தக் கடைக்கு அழைத்துப் போகும் தரகரின் பங்கும் பானை விலைக்குள்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இரும்பு போதும் என்றதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் ஒழுங்கை காலி வீதிக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. தரைப்பக்கம் என்றால் மேலே சொன்னதே முடிவு. கடற்பக்கம் என்றால், அதுவும் மரீன் டிரைவை ஒட்டி என்றால், உப்புக்காற்று பெட்டிக் குழாயின் உள்ளே புகுந்துவிடும். வெளியே பூச்சு புதிதாக மின்னும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும், ஒருநாள் காலில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். அங்கே பெட்டிக் குழாய்க்குப் பதில் கோண இரும்பு போடச் சொல்லுங்கள். அதில் ஒளிந்த பக்கம் இல்லை. துரு கண்ணில் படும், சுரண்டிப் பூசலாம். அப்படியானால் கடற்பக்கத்துக்காவது 304 நல்லதல்லவா என்று பாஸ் கேட்பார். கடற்காற்றில் 304உம் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறும். உண்மையில் தாங்குவது 316 என்ற வகை ஸ்டெயின்லெஸ், அதன் விலையைக் கேட்டால் பாஸே கோண இரும்புக்கு வந்துவிடுவார். பல்கனியில் கண்ணாடி அடைத்து உள்ளே வைத்திருந்தால் உப்புக்காற்றுப் பேச்சே இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் அடைத்த பல்கனியில் இந்த அடுப்பை வைக்கவே கூடாது.

ஏனென்றால் சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து போகாது, தரையில் தண்ணீர்போலத் தேங்கும். அரைச்சுவர் எழுப்பிய திறந்த பல்கனிகூட இந்த விஷயத்தில் ஒரு தொட்டிதான். வாசலோ கொல்லையோ நல்லது. 2021 இறுதியில் வீடு வீடாக அடுப்புகள் வெடித்தபோது குழு போட்டார்கள், விசாரித்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள். இன்றும் நடைபாதையில் திகதியே இல்லாத ரப்பர் குழாயை முழம் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். எஸ்.எல்.எஸ். இலச்சினை உள்ள குழாயையே வாங்குங்கள். சிலிண்டரைத் தாங்கிக்கு அடியில் செருக வேண்டாம், ஒரு மீற்றராவது தள்ளி நிமிர்த்தி வையுங்கள். இணைப்புகளில் சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சுவாலை போதவில்லை என்று ரெகுலேட்டரை மாற்றித் தருகிறேன் என்பவரைப் படலைக்குள் விடாதீர்கள். 50 லீற்றரைக் கொதிக்க வைக்கக் காற்று மறைப்பான இடத்தில் ஏறக்குறைய 800 கிராம் எரிவாயு செலவாகும். 12.5 கிலோ சிலிண்டரை அதைக்கொண்டு கணக்குப் பார்த்து விலை போடுங்கள்.

பாஸிடம் இன்னும் இரண்டு சொல்லுங்கள். பானை அமரும் மேல் சட்டத்துக்குக் குழாய் வேண்டாம், 12 மில்லிமீற்றர் திண்மக் கம்பி போடட்டும். வெறும் குழாய் சுவாலை பட்டுப் பட்டு நெளிந்துவிடும். பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைத்தது என்று பழைய கல்வனைஸ் குழாயைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். அதன் மேல்பூச்சு நாகம், அதாவது துத்தநாகம். ஒட்டும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல்போல் உடம்பு நடுங்கும். நடுங்கப் போவது அவருடைய உடம்புதான், ஆனாலும் சொல்லுங்கள். பூச்சுக்குப் புகைக்குழாய்களுக்குப் பூசும் வெள்ளி நிற மை. சாதாரண எனாமல் முதல் கொதிப்பிலேயே கருகி நாறும்.

தாங்கி வந்ததும் பூச்சுக்கு முன் பானையை ஏற்றி 50 லீற்றர் பச்சைத் தண்ணீர் நிரப்பி அரை மணிநேரம் விடுங்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு பத்திரிகைத் தாளை நுழைத்துப் பாருங்கள். எந்தக் காலடியில் தாள் போகிறதோ அந்தக் காலைச் சரிசெய்து தரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.