சோக்கை எடுத்ததும் அணைந்துவிடும் பழைய பைக்

ஆறு ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை இரண்டு முறை கழுவிய பிறகும், அந்தக் கலவையில் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கைப் போட்டால் மட்டுமே இன்ஜின் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐட்லிங்குக்கு (ஆக்ஸிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கு) பெட்ரோல் கொடுக்கும் நுண்துளைத் திருகான பைலட் ஜெட் அடைத்திருப்பதற்கான அடையாளம் இது. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், மேலோட்டமாகக் கழுவினால் பழைய பெட்ரோல் உள்ளே இறுகி உண்டான பிசின் கரையாது. ஜெட்டைத் தனியாகக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஒளி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியால் குத்த வேண்டாம். பித்தளை கீறித் துளை பெரிதாகிவிடும். (நானே ஒரு ஜெட்டை அப்படிப் பாழாக்கியவன்.) மெல்லிய மின்வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் காற்றுத் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று குறித்துக்கொள்ளுங்கள்; திரும்பப் பொருத்தும்போது அதே அளவில் வைக்க உதவும்.

ஆனால் என் சந்தேகமெல்லாம் டேங்க் மீதுதான். இரண்டாம் முறை கழுவியபோது, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருந்ததாக நீங்கள் சொல்லும் பழுப்புத் தூள் துருவேதான். அது நீங்காதவரை ஜெட் மறுபடியும் அடைக்கும். நெருப்பு எதுவும் அருகில் இல்லாத திறந்த வெளியில் பெட்ரோலை வடித்து, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’கைக் கழற்றி அந்தத் துளையை அடைத்து, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விடுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனடியாகக் காற்றடித்து உலர்த்துங்கள். ஈரமாக விட்டால் வெறும் இரும்பு மிக விரைவில் மறுபடி துருப்பிடிக்கும். காக்கின் வலையைச் சுத்தம் செய்து, பெட்ரோல் குழாயைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.